கிராண்ட் இல்லாத இரண்டு சக்கரம்

காலை நிகழ்ச்சியில் பாட்டு ஓடும் நேரத்தில் வரும் அழைப்புகளை நான் எடுப்பதில்லை. அம்மாவின் தம்பிக்கு மட்டும் விதிவிலக்கு. எடுக்கும்வரை விடமாட்டார். அன்றும் விடவில்லை.

"பாப்பா, போட்டு ஒண்ணு வாங்கிட்டேன்."

மாமா பாசிர் கூடாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது ஆண்டுக்கு மேல் கப்பல்களைக் கரையிலிருந்தே பார்த்தவருக்கு, ஒரு நாளாவது தண்ணீரிலிருந்து கரையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஓய்வுக்காலப் பணத்தில் கொஞ்சம் எடுத்து மெர்சிங்கில் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கிவிட்டார். கூடவே எஞ்சின். கூடவே, படகை ஏற்றிக் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் இரண்டு சக்கர டிரெய்லர்.

"பேப்பர் எல்லாம் இருக்கா மாமா?"

"போட்டுக்கு இருக்கு. எஞ்சினுக்கு ரசீது இருக்கு. டிரெய்லருக்குத்தான்..." என்று இழுத்தார். "கிராண்ட் இல்ல. அது சும்மா இரும்புதானே பாப்பா? ரெண்டு டயரு. அதுக்கு என்னா கிராண்ட்டு?"

பாட்டு முடிந்துவிட்டது. மைக்கைத் திறந்து சாலை நெரிசல் நிலவரம் சொன்னேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி அன்று முழுக்க மனதில் கிடந்தது. அது சும்மா இரும்புதானா?

நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் அப்படி நினைக்கவில்லை. 'மோட்டார் வாகனம்' என்றால் என்ன என்று அந்தச் சட்டம் சொல்லும் இடத்தில், சொந்த எஞ்சினில் ஓடுவதோடு நிறுத்தவில்லை. இன்னொரு மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படுவதையும் அதே சொல்லுக்குள் சேர்த்துக்கொள்கிறது. எஞ்சின் இல்லை, ஸ்டியரிங் இல்லை, உட்கார இடம் இல்லை. ஆனாலும் அது மோட்டார் வாகனம். பதிவு வேண்டும், சாலை வரி வேண்டும், மூன்றாம் தரப்புக் காப்புறுதி வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமத்தில் கேட்டால் இது புதுச் செய்தியே இல்லை. அங்கே டிராக்டருக்கு ஒரு பதிவுப் புத்தகம், பின்னால் இழுபடும் டிரெய்லருக்குத் தனியாக ஒன்று. கரும்பு ஏற்றும் விவசாயிக்குத் தெரிந்தது, படகு வாங்கும் நமக்குத் தெரிவதில்லை.

அந்த வார இறுதியில் உலு திராமுக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால், ரம்புத்தான் மரத்தடியில் நின்றது. படகு பளபளவென்றிருந்தது; கழுவித் துடைத்து மெழுகு போட்டிருந்தார். அதைத் தாங்கி நின்ற டிரெய்லரை யாரும் கண்டுகொள்ளவில்லை. நம்பர் பிளேட் இருந்த இடத்தில் இரண்டு திருகாணி ஓட்டைகள். பின்விளக்கு வயர் பாதியில் வெட்டுப்பட்டுத் தொங்கியது.

"எப்படி மாமா இங்கே கொண்டு வந்தீங்க?"

"ராத்திரியில இழுத்துட்டு வந்துட்டோம். ரோட்ல யாரும் இல்ல."

மெர்சிங்கிலிருந்து கோத்தா திங்கி வரும் மூன்றாம் எண் கூட்டரசுச் சாலையை அறிந்தவர்களுக்குத் தெரியும். இருட்டு, வளைவு, செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள், 'யானை கடக்கும் இடம்' என்ற மஞ்சள் பலகைகள். அந்தச் சாலையில், பின்விளக்கில்லாத, எண்ணில்லாத, காப்புறுதி இல்லாத ஒன்றை நள்ளிரவில் இழுத்து வந்திருக்கிறார் அறுபது வயதைத் தாண்டிய மனிதர். பின்னால் ஒரு பையன் மோட்டாரில் வேகமாக வந்திருந்தால்? அத்தை அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில் இந்தக் கேள்வி ஏற்கெனவே கேட்டு முடிக்கப்பட்டிருந்தது.

மாமாவுக்கு ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. தாமானின் மூலையில் உள்ள கோப்பிக் கடையில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்திருக்கிறார்.

முதல் நண்பர் யூடியூப் பார்ப்பவர். "காரோட நம்பரையே இன்னொரு பிளேட்ல எழுதி டிரெய்லர் பின்னால மாட்டிட்டா போதும். வீடியோவுல அப்படித்தான் பண்றான்." அவர் பார்த்தது பிரிட்டிஷ் வீடியோ. அங்கே சிறிய டிரெய்லருக்குப் பதிவே கிடையாது. இழுக்கும் காரின் எண்ணைப் பின்னால் மாட்டுவதுதான் அவர்கள் சட்டம். வெளிநாடு போகும் சில வகை டிரெய்லர்களுக்குத்தான் 2019இல் பதிவு முறையைக் கொண்டுவந்தார்கள். லண்டனில் சட்டப்படி சரியான ஒரு தகடு, மெர்சிங் சாலையில் நம்மை வசமாக மாட்டிவிடும்.

இரண்டாம் நண்பர் சொன்னது கேட்க நியாயமாக இருந்தது. "கிராண்ட் தொலஞ்சி போச்சின்னு போலீஸ்ல ரிப்போர்ட் போடு. அப்புறம் பெசுருஜாயா சும்பா கிட்ட போயி ஓர் எஸ்.டி. அடிச்சிக்கோ. முடிஞ்சிது கதை." நம்மில் பலர் இதை மந்திரம்போல நம்புகிறோம். போலீஸ் புகாரும் சரி, 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எடுக்கும் சத்தியப் பிரமாணமும் சரி, இரண்டும் நம் வாய்ச்சொல்தான். 'இவர் இப்படிச் சொன்னார்' என்பதற்கு அவை சாட்சி. அவர் சொன்னது உண்மை என்பதற்கு அல்ல. கிராண்ட் உங்கள் பெயரில் இருந்து, அது தொலைந்துபோனால், புகாரோடு போய் மாற்றுப் பிரதி கேட்கலாம். உங்கள் பெயரில் ஒருநாளும் இல்லாத கிராண்ட்டை நீங்கள் எப்படித் தொலைக்க முடியும்? 'நான் தொலைத்துவிட்டேன்' என்று கையெழுத்துப் போட்டால் அது பொய்ச் சத்தியம். பத்து இருபது வெள்ளியில் முடியும் வேலை என்று தொடங்கி, குற்றவியல் வழக்கில் போய் நிற்கலாம்.

மூன்றாமவர் குரலைத் தாழ்த்திப் பேசினார். அவருக்கு ஒரு 'ரன்னர்' தெரியுமாம். வண்டி மக்கிப்போய், கிராண்ட் மட்டும் உயிரோடிருக்கும் டிரெய்லர்கள் உண்டாம். அந்தக் கிராண்ட்டை வாங்கி, அதிலுள்ள எண்ணை இதில் அடித்துவிடலாமாம். மாமா இதைக் கேட்டுக் கொஞ்சம் சபலப்பட்டார் என்பதை மறைக்க விரும்பவில்லை. நான்தான் பயமுறுத்தினேன். ஒரு வண்டியின் சேசிஸ் எண்ணை அழித்து இன்னொன்றை அடிப்பது, காகிதக் குறையைச் சரிசெய்வது அல்ல. திருட்டு வண்டிகளுக்குச் செய்யப்படும் அதே வேலை. நாளைக்கு அந்த டிரெய்லர் திருட்டுப் பொருள் என்று தெரியவந்தால், தண்டனைச் சட்டத்தின் 411ஆவது பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தோ வாங்கியவரையும் தேடி வரும். ஐந்து ஆண்டுவரை சிறை. "எனக்குத் தெரியாது" என்று சொல்லலாம். அழிக்கப்பட்ட எண்ணுக்கு மேல் புது எண் அடித்தவர் அதைச் சொன்னால் யார் நம்புவார்?

ஆக, கேள்வி கிராண்ட்டைப் பற்றியதே அல்ல. இந்த இரும்பு யாருடையது? அதை நமக்கு விற்றவருக்கு விற்க உரிமை இருந்ததா? 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. தன்னிடம் இல்லாத உரிமையை விற்பவர் நமக்குத் தர முடியாது. விலக்குகள் சில உண்டு, அடிப்படை அதுதான். காசு கொடுத்தோம், கை குலுக்கினோம், பொருள் நம் வீட்டில் நிற்கிறது. இத்தனைக்கும் பிறகு அது வேறொருவருடையதாக இருக்கலாம்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பத்திரம் இல்லாத வண்டியை வாங்கியவர், அதன் மதிப்பைப்போல் ஒன்றரை மடங்குக்குப் பிணைப் பத்திரம் எடுக்க வேண்டும். மூன்று ஆண்டுக்குள் உண்மையான உரிமையாளர் வந்தால் அந்தப் பிணையிலிருந்து இழப்பீடு. வெறும் வாய்ச்சொல்லை வாங்கிக்கொள்ளாமல், சொன்ன சொல்லுக்குப் பின்னால் பணத்தை வை என்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் நாம் இருப்பது ஜொகூரில்.

இங்கே முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான். இந்த டிரெய்லர் ஒரு காலத்தில் பதிவாகியிருந்ததா, இல்லை பதிவே ஆகாததா? பதிவாகிப் பேப்பர் தொலைந்தது என்றால் நூல் எங்கோ அறுந்திருக்கிறது. தேடிப் பிடித்து முடிச்சுப் போடலாம். பதிவே ஆகாமல், பட்டறையில் பற்றவைத்து அப்படியே கடலுக்குப் போனது என்றால் கதை வேறு. செய்தவரின் ரசீது, வெளிநாட்டுப் பொருளானால் சுங்கத்துறையின் கே1 பாரம், கட்டமைப்புக்கான தொழில்நுட்ப ஒப்புதல், பரிசோதனை என்று ஒரு புது வண்டி ஏறும் படிகளை எல்லாம் ஏற வேண்டும். அதைவிட, பதிவோடு வரும் புது டிரெய்லரை வாங்குவது மலிவாக முடியலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே சாட்சி சேசிஸ் எண். காருக்கு எஞ்சின் எண் ஒன்று, சேசிஸ் எண் ஒன்று என இரண்டு அடையாளம் உண்டு. டிரெய்லருக்கு எஞ்சினே இல்லை. அந்த ஒற்றை எண் போனால் அது அனாதை. படகு டிரெய்லருக்கு இன்னொரு சாபமும் இருக்கிறது. உலகத்திலேயே வேண்டுமென்று உப்புத் தண்ணீரில் முக்கி எடுக்கப்படும் வண்டி அது ஒன்றுதான். படகை இறக்கும்போது முக்கால்வாசி கடலுக்குள் போகிறது. தகட்டை ஆணியடித்துப் பொருத்தியிருந்தால் ஆணி துருப்பிடித்துத் தகடு விழுந்துவிடும். சட்டத்திலேயே பொறித்திருந்தால் துரு எழுத்தைத் தின்றுவிடும்.

(சக்கரத்துக்கும் அதே கதிதான். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சக்கரத்தின் குடத்தை உடனே குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகக் கடல்நீரை உறிஞ்சிக்கொள்ளும். பேரிங் போவது அப்படித்தான். இறக்குமுன் சற்று ஆறவிட வேண்டும். விளக்கின் வயரைக் கழற்றிவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மாமா கிரேன் ஓட்டியவர். இதை நான் சொன்னதும், "எனக்கேவா?" என்று கேட்டார்.)

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அவரும் கம்பி பிரஷ்ஷோடு டிரெய்லருக்கு அடியில் படுத்தோம். கொக்கிக்கு அருகே, முன்சட்டத்தின் வலப்பக்கம், மூன்று அடுக்குப் பெயிண்டுக்குக் கீழே கை தடவியபோது மேடு பள்ளமாகத் தெரிந்தது. அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்று நான் சொல்ல, மாமா பெயிண்ட் கரைக்கும் திரவத்தைத் துணியில் நனைத்து மெதுவாக எடுத்தார். பிறகு முகப்பவுடர். ஆமாம், அத்தையின் முகப்பவுடர்தான். தூவித் துடைத்ததும் பள்ளங்களில் வெள்ளை நின்றது. எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன.

பதினேழு எழுத்தும் எண்ணும். உலகத் தர முறைப்படி வரும் வாகன அடையாள எண் அப்படித்தான் இருக்கும். ஒன்றோடும் சுழியோடும் குழம்பக் கூடாது என்பதற்காக ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றையும் அதில் பயன்படுத்த மாட்டார்கள். எனவே வட்டமாகத் தெரிந்தால் அது சுழிதான். முதல் எழுத்துகள் ஊர் சொல்லும். ஜே என்றால் ஜப்பான். ஆறு என்றால் ஆஸ்திரேலியா. ஒன்று, நான்கு, ஐந்து என்றால் அமெரிக்கா. பி என்று தொடங்கி அடுத்து எல் முதல் ஆர் வரை ஏதாவது வந்தால் மலேசியா. உங்கள் புரோட்டோனிலும் பெரோடுவாவிலும் பாருங்கள், அப்படித்தான் இருக்கும். மாமாவுடையதும் பி. "நம்ம ஊரு புள்ளதான்" என்றார், ஏதோ உறவினரைக் கண்டுபிடித்ததுபோல.

திங்கட்கிழமை ஜேபிஜே முகப்பில் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். எண்ணைத் தட்டிப் பார்த்தார். பதிவு இருக்கிறது என்றார். மாமாவின் முகம் மலர்ந்தது. உங்கள் பெயரில் இல்லை என்றார். அது தெரியும் என்றோம். பெயர் இருப்பவரை அழைத்து வாருங்கள் என்றார். அவர் யார் என்று கேட்டோம். அதைச் சொல்ல முடியாது என்று சிரித்தார். சரிதானே? என் காரின் எண்ணைக் குறித்துக்கொண்டு யாரோ போய்க் கேட்டால் என் பெயரையும் முகவரியையும் கொடுத்துவிட வேண்டுமா?

ஆகவே ஆளைப் பிடித்து ஆளைப் பிடித்துப் பின்னோக்கிப் போக வேண்டியதாயிற்று. மெர்சிங்கில் மாமாவுக்கு விற்றவர், எஞ்சின் கெட்ட படகாக எண்டாவ் பக்கம் ஒருவரிடம் வாங்கியதாகச் சொன்னார். ரசீது? இல்லை. எண்டாவ்காரரைத் தொலைபேசியில் பிடிக்க இரண்டு வாரம். அவர் தன் நண்பர் ஒருவருக்காக விற்றுக்கொடுத்தாராம். அந்த நண்பர், குளுவாங்கில் இறந்துபோன தன் மச்சானின் படகை, அக்கா சொன்னதால் விற்றாராம். சட்டப்படி, வண்டி கைமாறியதும் ஏழு நாளுக்குள் பதிவு உரிமையாளர் ஜேபிஜேவுக்கு அறிவித்துக் கிராண்ட்டைப் புதியவரிடம் கொடுக்க வேண்டும். இங்கே நான்கு கை மாறியிருக்கிறது. நாலு பேரும் நல்லவர்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. யாரும் ஒரு வரி எழுதிக் கொடுக்கவும் இல்லை.

குளுவாங்கில் அந்த அம்மாவின் வீட்டுக்கு நானும் மாமாவும் போனோம். கணவர் போய் ஆறு ஆண்டு. சுவரில் மாலை போட்ட படம்; மீசை வைத்த, வெயிலில் கறுத்த முகம். நாங்கள் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் உள்ளே போய்ப் பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டு வந்தார். இறப்புச் சான்றிதழ், தோட்டத்து வேலைக் கடிதம், ஒரு ரப்பர் பேண்டில் கட்டிய கிராண்ட்டுகள். மூன்று. கார், மோட்டார், டிரெய்லர்.

தொலைந்துபோன கிராண்ட் தொலையவே இல்லை. ஆறு ஆண்டாக அந்த டின்னுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

"தம்பிகிட்ட போட்டைத்தான் விக்கச் சொன்னேன். வண்டி பேப்பரை யாருமே கேக்கலையே" என்றார். பிறகு, "அது இன்னும் இருக்கா? நான் இரும்புக்குப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன். அவருதான் பார்த்துப் பார்த்துப் பெயிண்டு அடிப்பாரு" என்றார். மூன்று அடுக்குப் பெயிண்ட்டைக் கரைத்து எடுத்த மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் நினைத்திருந்தால், "அது என் வீட்டுக்காரர் சொத்து, திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்டிருக்கலாம். சட்டம் அவர் பக்கம்தான். அவர் கேட்டது வேறு. டின்னிலிருந்த மற்ற இரண்டு கிராண்ட்டையும் எடுத்து வைத்து, "இதுவும் அவரு பேருலதான் இருக்கு. ஏதாவது பண்ணணுமா?" என்றார். மோட்டாரை ஆறு ஆண்டாக மகன் ஓட்டிக்கொண்டிருக்கிறான். காப்புறுதி ஒவ்வோர் ஆண்டும் அப்பா பெயரிலேயே புதுப்பிக்கப்படுகிறது. புதுப்பிக்கும் கடையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. விபத்து என்று ஒன்று நடந்து, இழப்பீடு கோரும் பாரத்தில் உரிமையாளர் கையெழுத்து இடத்துக்கு வரும்போதுதான் கேட்பார்கள்.

அடுத்த வாரம் இதை நிகழ்ச்சியில் பேசினேன். ஊர் பேர் சொல்லாமல், 'உங்கள் வீட்டில் இறந்தவர் பெயரில் ஓடும் வண்டி இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டேன். தொலைபேசி ஓயவில்லை. அப்பாவின் காப்சாய், தாத்தாவின் வேன், அண்ணனின் லோரி. சிலருக்கு அதை விற்க மனமில்லை. சிலருக்கு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை. பெரும்பாலோருக்கு எங்கே போவது என்றே தெரியவில்லை.

போக வேண்டிய இடம் சொத்தைப் பொறுத்தது. இறந்தவர் வீடு, நிலம் எதுவும் விட்டுச் செல்லாமல், வண்டி, வங்கிக் கணக்கு போன்ற அசையும் சொத்து மட்டும் 6 லட்சம் வெள்ளிக்கு மேற்படாமல் விட்டிருந்தால் அமானா ராயாவுக்குப் போகலாம். நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. 1921இல் பொது அறங்காவலர் இலாகாவாகத் தொடங்கி 1995இல் நிறுவனமாக மாறிய அரசு அமைப்பு அது. வீடு, நிலமும் உண்டு, உயில் இல்லை, மொத்தம் 50 லட்சம் வெள்ளிக்குள் என்றால் நில இலாகாவின் சிறு சொத்துப் பகிர்வுப் பிரிவு. இந்த வரம்பு 20 லட்சமாக இருந்து 2024 ஜூலையில் உயர்ந்தது. அதற்கும் மேலே போனாலோ, உயில் இருந்தாலோ வழக்கறிஞரைப் பாருங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் அடையாள அட்டை, திருமண, பிறப்புச் சான்றிதழ்கள், அந்தந்தச் சொத்தின் பத்திரம். கிராண்ட் இருந்தால் பாதி வேலை முடிந்ததுபோல. பிள்ளைகள் அனைவரின் ஒப்புதலும் கேட்பார்கள். தாமதம் பெரும்பாலும் இலாகாவில் அல்ல, அங்கேதான்.

அந்த அம்மாவுக்கு வீடு தன் பெயரில். கணவர் விட்டுச் சென்றது மூன்று வண்டியும் சிறு சேமிப்பும். அமானா ராயாவில் விண்ணப்பித்தார். சிங்கப்பூரில் வேலை செய்யும் மூத்த மகளும் ஒரு நாள் விடுப்பெடுத்து வந்து கையெழுத்துப் போட்டாள். மாமா இந்த மாதங்களில் படகைத் தொடவில்லை. அதற்குள் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிட்டது. கிழக்குக் கரைக் கடலில் எப்படியும் சின்னப் படகு போக முடியாது. வாரா வாரம் எனக்கு அழைத்து, "லெட்டர் வந்திடுச்சா?" என்று கேட்பார், நான்தான் அமானா ராயா என்பதுபோல.

வந்தது. பெயர் மாற்றப் பரிசோதனைக்கு டிரெய்லரை இழுத்துக்கொண்டு போக முடியாது. சாலை வரி இல்லாதது சாலையில் உருளக் கூடாது. லோரி ஒன்றின் மேல் ஏற்றிக் கொண்டுபோனோம். வண்டியைச் சுமக்கப் பிறந்த வண்டி, வேறொரு வண்டியின் முதுகில் போனது. பின்விளக்குக்கு மாமா புது வயர் இழுத்திருந்தார். பரிசோதகர் குனிந்து சேசிஸ் எண்ணைப் பார்த்தார், விரலால் தடவினார், கிராண்ட்டைப் பார்த்தார், மறுபடியும் குனிந்தார். எங்கள் மூவரில் யாரும் மூச்சு விடவில்லை.

ஜேபிஜே முகப்பில் அந்த அம்மா முதலில் விரலை வைத்தார். ரப்பர் பால் மரம் வெட்டிய விரல். ரேகை உடனே பதியவில்லை. துடைத்து, துடைத்து, நான்காம் முறை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. பிறகு மாமா. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து மாமா உறையொன்றை நீட்டினார். வேண்டாம் என்று மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. உறையைப் பிரித்து, நின்ற இடத்திலேயே எண்ணினார். முந்நூறு வெள்ளி. பையிலிருந்து பள்ளி நோட்டுத் தாள் ஒன்றை எடுத்து, என் முதுகில் வைத்துத் தமிழில் எழுதினார். இன்ன தேதியில், இன்னாரிடம், இந்த டிரெய்லருக்காக, இவ்வளவு பெற்றுக்கொண்டேன். கீழே பதினேழு எழுத்தையும் கிராண்ட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதி, கையெழுத்துப் போட்டு, மாமாவிடம் கொடுத்தார்.

அத்தனை கை மாறிய அந்த டிரெய்லருக்கு யாரோ எழுதிக் கொடுத்த முதல் ரசீது அதுதான்.